கொலுசுப் பட்டறைக் கணக்கும் ஒரு நாள் ஏஐ ஹேக்கத்தானும்

காலை ஒன்பது மணிக்குத் தொடக்கம். மாலை ஐந்தரைக்குள் ஓடுகிற ஒரு பொருளைக் கையில் வைத்திருக்க வேண்டும். பவர்பாயிண்ட் மட்டும் காட்டினால் மதிப்பெண் கிடையாது. சேலத்தில் ஒரு கல்லூரியில் நடந்த ஏஐ ஹேக்கத்தானின் (குறித்த நேரத்துக்குள் மென்பொருள் செய்து காட்டும் போட்டி) விதிமுறை இவ்வளவுதான். மூன்று பேராகப் போனோம். நான் ஐந்து ரோடு பக்கம் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கூட வந்தவர்களில் ஒருவன் இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கும் தம்பி. இன்னொருவர் சிறு கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுக்கும் அக்கா. அக்காவுக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆனால் எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று அன்று முடிவு செய்தது பெரும்பாலும் அவர்தான். ஹேக்கத்தானுக்கு அணி சேர்ப்பவர்கள் இப்படி ஒருவரைத் தேடிப்பிடித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பேன்.

நாங்கள் எடுத்துக்கொண்டது வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளின் எடைக் கணக்கு. சேலத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. செவ்வாய்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு என்று ஊரைச் சுற்றி வீட்டுக்கு வீடு இந்தத் தொழில் நடக்கிறது. வியாபாரி வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார். பட்டறையில் உருக்கி, கம்பி இழுத்து, சலங்கை கோத்து, பற்றவைத்து, மெருகு போட்டு, கொலுசாக எடை போட்டுத் திருப்பித் தர வேண்டும். நடுவில் தூளாகவும் புகையாகவும் கொஞ்சம் போகும். அதுதான் சேதாரம். எவ்வளவு போகலாம் என்று ஒரு பேச்சு இருக்கும். அதைத் தாண்டினால் கூலியில் கழியும். இந்தக் கணக்கு முழுவதும் வியாபாரியின் நோட்டில் இருக்கிறது. வேலை செய்கிறவர் கையில் ஒரு துண்டுச்சீட்டு இருந்தால் பெரிது. வீட்டில் உட்கார்ந்து சலங்கை கோக்கும் பெண்களிடம் அதுவும் இருக்காது. மாதக் கடைசியில் பத்து கிராம் இடித்தால் யார் சொல்வது சரி என்று நிரூபிக்க வழியே இல்லை.

என் மாமா சிவதாபுரத்தில் பட்டறை வைத்திருக்கிறார். அதனால் இந்தச் சண்டைகளைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள் நான். பேசினாலே கணக்கில் ஏறுகிற மாதிரி ஒன்று செய்ய முடியுமா என்பதுதான் எங்கள் கேள்வி. கை முழுக்கக் கரியோடு இருப்பவர் போனில் தட்டச்சு செய்ய மாட்டார். ஆனால் பேசுவார்.

நிரல் எதையும் முன்கூட்டியே எழுதி வரக்கூடாது, தரவு கொண்டுவரலாம் என்று அமைப்பாளர்கள் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். அதனால் அதற்கு முந்தின வாரம் பட்டறைகளுக்குப் போய், அனுமதி கேட்டு, குரல் பதிவுகள் எடுத்து வந்தோம். வேலை நடக்கும்போதே எடுத்தோம். பாலிஷ் மோட்டார், கம்பி இழுக்கும் மெஷின், பக்கத்தில் ரேடியோ, எல்லாச் சத்தத்தோடும். ஒரு அம்மா, “இத யாரு கேப்பாங்க கண்ணு?” என்று கேட்டார். யார் கேட்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்போம், பெயர் எங்கேயும் வராது என்று உட்கார்ந்து விளக்கிய பிறகுதான் பேசினார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஏஐ என்று கிளம்புகிற எவரும் அதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

அன்று காலை முதல் முடிவு, வாட்ஸ்அப்பா டெலிகிராமா என்பது. எல்லோரிடமும் இருப்பது வாட்ஸ்அப்தான். ஆனால் அதில் ஒரு பாட்டை (bot, செய்திக்குத் தானாகவே பதில் சொல்லும் நிரல்) அதிகாரபூர்வமாக இணைக்க நிறுவனக் கணக்கு, சரிபார்ப்பு என்று நாள் ஓடிவிடும். டெலிகிராமில் சில நிமிடத்தில் பாட் தயார், காசும் இல்லை. ஒரு நாள் போட்டிக்கு வேறு யோசனையே வேண்டாம்.

அடுத்து, பேச்சை எழுத்தாக்குவது. ஓப்பன்ஏஐ 2022-இல் வெளியிட்ட விஸ்பர் என்ற ஏஐ மாதிரி (மாடல்) இலவசமாகக் கிடைக்கிறது. 6,80,000 மணி நேர ஒலியைக் கொண்டு பயிற்சி பெற்றது. அதில் பெரும்பகுதி ஆங்கிலம். சென்னை ஐஐடியில் இயங்கும் ஏஐ4பாரத் குழுவும் இந்திய மொழிகளுக்கென்றே பேச்சு மாதிரிகளை வெளியிட்டிருக்கிறது. இரண்டையும் கூகுள் கொலாபில் (இணையத்திலேயே நிரல் ஓட்டிப் பார்க்கும் இடம்) ஏற்றி எங்கள் பதிவுகளை ஓட்டிப் பார்த்தோம். அமைதியான அறையில் தம்பி பேசியதை இரண்டுமே நன்றாக எழுதின. பட்டறைப் பதிவைப் போட்டதும் கதை மாறியது. விஸ்பர் ஒலியை 30 விநாடித் துண்டுகளாக வைத்துக் கேட்கும். பேச்சு இல்லாமல் சத்தம் மட்டும் இருக்கிற இடத்தில் சும்மா இருக்காமல், சில நேரம் யாருமே சொல்லாத ஒரு வாக்கியத்தை எழுதிவைத்துவிடும். கணக்கு நோட்டில் அப்படி ஒரு வரி வந்தால் என்ன ஆகும்? முதலில் பேச்சு இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி எடுக்கும் சின்ன நிரலை முன்னால் போட்டோம். கொலுசு, சேதாரம், சலங்கை, டச் (நூற்றுக்கு எவ்வளவு சுத்த வெள்ளி என்ற கணக்கு) என்று தொழில் சொற்களைக் குறிப்பாக முன்கூட்டியே கொடுத்தோம். இந்த இரண்டிலேயே எழுத்து கண்ணுக்குத் தெரிகிற அளவு மேம்பட்டது.

உண்மையான சிக்கல் எண்களில் இருந்தது. ஒரு பதிவை அப்படியே தருகிறேன்: “காலையில கட்டி அரை கிலோ குடுத்தாங்க, சாயந்திரம் நானூத்தி எழுவத்தஞ்சு வந்துச்சு, தூளு பன்னெண்டு.” கொடுத்தது 500 கிராம், கொலுசு 475, போகாமல் கையில் திரும்பிய தூள் 12. மீதி 13 கிராம் சேதாரம், அதாவது 2.6 சதவீதம். இப்போது மோட்டார் சத்தத்தில் ‘எழுவத்தஞ்சு’ என்பது ‘அறுவத்தஞ்சு’ என்று கேட்டுவிட்டால் சேதாரம் 23 கிராம் ஆகிவிடும். இரண்டே எழுத்து மாறி, வேலை செய்தவர் தலையில் பத்து கிராம் வெள்ளி விழும். இதோடு ‘ரெண்டே முக்கால்’, ‘அஞ்சரை’, ‘தொள்ளாயிரத்தி தொண்ணூறு’ என்று எண்கள் வருகின்றன. தொண்ணூறுக்கும் தொள்ளாயிரத்துக்கும் நடுவே மாதிரி தடுமாறுவதை நாங்கள் கண்ணால் பார்த்தோம்.

இங்கேதான் அக்கா கறாராக நின்றார். “கூட்டல் கழித்தல் எதையும் ஏஐ பண்ணக்கூடாது. அது கேட்கட்டும், பிரிச்சுக் குடுக்கட்டும். கணக்கு நம்ம போடணும்.” அப்படியே செய்தோம். எல்எல்எம்முக்கு (எழுத்தைப் படித்துப் பதில் தரும் பெரிய மொழி மாதிரி) ஒரே வேலை: எழுத்தில் வந்த பேச்சைப் படித்து, கொடுத்தது, திரும்பியது, தூள், டச் என்று தனித்தனி இடத்தில் சொல்லை எடுத்து வைப்பது. சொல்லாததை நிரப்பாமல் ‘இல்லை’ என்று விட வேண்டும். தமிழ் எண்பெயரை இலக்கமாக்குவதற்குத் தம்பி பைத்தானில் தனியாக ஒரு நிரல் எழுதினான். நூறு, இருநூறு, கால், அரை, முக்கால் என்று பேச்சு வடிவங்களோடு ஒரு பெரிய அட்டவணை. எல்எல்எம் சொல்லும் எண்ணும் இந்த நிரல் சொல்லும் எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் அடுத்த படி. இல்லையென்றால் பாட் திருப்பிக் கேட்கும்.

ஆனால் காதிலேயே தப்பாக விழுந்தது என்றால் இரண்டும் சேர்ந்தே தப்பும். அதற்கு இரண்டு காவல் போட்டோம். ஒன்று, அந்தப் பட்டறையில் வழக்கமாகப் போகும் சேதாரத்தைவிட அதிகமாக வந்தால் பதிவு நிற்கும். இன்னொன்று, எந்தக் கணக்கையும் பாட் குரலிலேயே திருப்பிப் படிக்கும்: “கொடுத்தது ஐந்நூறு, கொலுசு நானூற்று எழுபத்தைந்து, தூள் பன்னிரண்டு. சரியா?” ‘சரி’ என்று அழுத்தினால் மட்டும் நோட்டில் ஏறும். எழுத்துப் படிக்காதவருக்கும் இது போதும். அன்று நாங்கள் செய்ததிலேயே பெரிய வேலை இந்த ஒரு கேள்விதான் என்று நினைக்கிறேன். மற்ற அணிகள் ஏஐ எவ்வளவு செய்கிறது என்று காட்டப் போட்டி போட்டார்கள். பணமும் எடையும் சம்பந்தப்பட்ட இடத்தில் அதற்கு எவ்வளவு குறைவாக வேலை கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் வைஃபை படுத்துவிட்டது. கூடத்தில் இருந்த எல்லா அணிகளும் ஒரே நேரத்தில் பெரிய மாதிரிகளை இறக்கினால் எந்த இணைப்பும் தாங்காது. அக்காவின் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டு ஓட்டினோம். போகிறவர்கள் ஆளுக்கொரு டேட்டா பேக்கோடு போங்கள்; மாதிரியை மடிக்கணினியிலேயே முந்தின இரவு இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். விஸ்பரில் 24.4 கோடி அளவுருக்கள் (பயிற்சியில் மாதிரி கற்றுவைத்த எண்கள்) கொண்ட ஸ்மால் வடிவம் சாதாரண மடிக்கணினியிலேயே ஓடும். 155 கோடி அளவுருக்கள் உள்ள லார்ஜுக்குத்தான் ஜிபியு (இந்த மாதிரிகளை வேகமாக ஓட்டும் தனிச் சில்லு) வேண்டும்.

சாயந்திரம் தட்டுவடை செட் வந்தபோது இன்னும் ஒரு மணி நேரம் மீதி இருந்தது. அழகான முகப்புப் பக்கம் போடலாம் என்று தம்பிக்கு ஆசை. அந்த நேரத்தை நான் வேறொன்றுக்குக் கேட்டேன்: ஒப்புக்கொண்ட கணக்கு வியாபாரிக்கும் வேலை செய்தவருக்கும் ஒரே நேரத்தில், ஒரே வாசகத்தில் போக வேண்டும். பின்னால் யாராவது திருத்தினால் பழைய எண்ணும் அழியாமல் இருக்க வேண்டும். இது இல்லையென்றால் வியாபாரியின் நோட்டை இன்னும் வலுவாக்கிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. மூவரும் ஒத்துக்கொண்டோம். முகப்புப் பக்கம் கடைசி வரை வரவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

காட்சிக்கு ஒரு அணிக்கு ஐந்து நிமிடம். நேரலையில் பேசிக் காட்டினோம். பின்னால் வேண்டுமென்றே போனில் மோட்டார் சத்தத்தை ஓட விட்டோம். முதல் தடவை பாட், “எடை சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்” என்றது. கூடத்தில் சிலர் சிரித்தார்கள். எங்களுக்கு அது வேண்டிய பதில்தான். கேட்காததைக் கேட்ட மாதிரி காட்டிக்கொள்ளாத கருவியைத்தான் காட்ட வந்திருந்தோம். இரண்டாம் தடவை சரியாகப் பதிந்து, இரண்டு போனிலும் ஒரே செய்தி வந்து விழுந்தது.

நடுவர்களில் ஒருவர் செவ்வாய்பேட்டை வெள்ளி வியாபாரி. தொழில்நுட்பத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. “ஏம்மா, குடுத்த வெள்ளியும் வந்த கொலுசும் ஒரே டச்சா? பத்தவைக்கிற பொடி எடை எங்க போச்சு?” என்றார். டச்சுக்கு எங்களிடம் இடம் இருந்தது. 80 டச்சில் 500 கிராம் என்றால் சுத்த வெள்ளி 400 கிராம் என்று கணக்கு ஓடுவதைக் காட்டினேன். பொடியின் எடையைத் தனியாகச் சேர்க்க வேண்டும் என்று அக்கா அங்கேயே குறித்துக்கொண்டார். அடுத்து அந்த நடுவர், “இதுக்குக் காசு குடுக்கப் போறது வியாபாரி. வேலைக்காரருக்கு எதுக்கு ஒரு நகல்?” என்று கேட்டார். “ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட கணக்குதாங்கய்யா கணக்கு. இல்லன்னா மாசக் கடைசியில திரும்பவும் பஞ்சாயத்துதான் வரும்” என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். மறுத்து ஒன்றும் பேசவில்லை.

எங்களுக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. முதல் இடம் அரசு மருத்துவமனை டோக்கன் வரிசையைப் பற்றிச் செய்த மாணவிகளுக்கு. அது தகுதியான பரிசு.

இப்போது மாமா பட்டறையில் நோட்டையும் பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டுகிறோம். மாமா நோட்டை விடச் சம்மதிக்கவில்லை. விடச் சொல்லி நானும் கேட்கவில்லை. இரண்டும் வித்தியாசப்படும் நாட்களில் அந்தக் குரல் பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்கிறோம். மாதிரியைத் திருத்த அதைவிட நல்ல தரவு கிடையாது. பெரிய தடை வேறு இடத்தில் இருக்கிறது. சலங்கை கோக்கும் பெண்கள் பலரிடம் இருப்பது பட்டன் போன். ஸ்மார்ட்போன் வீட்டில் ஒன்றுதான், அது பகலில் கணவரோடோ மகனோடோ போய்விடும். டெலிகிராம் அவர்களுக்கு எட்டாது. மிஸ்டு கால் கொடுத்தால் கணினி திருப்பி அழைத்து, எடையைக் கேட்டுப் பதிந்து, படித்துக் காட்டி, சரி என்றால் 1 அழுத்தச் சொல்கிற ஏற்பாட்டைத் தம்பி எழுதிக்கொண்டிருக்கிறான். அழைப்புச் செலவை யார் ஏற்பது என்று இரண்டு வியாபாரிகளிடம் அக்கா பேசி வருகிறார்.