முதல் மடக்கும் ஆலன் மார்லட்டும்

"ஒரு மடக்கு உள்ளே போனால் போதும், அப்புறம் கை நிற்காது." மறுவாழ்வு மையங்களில் இன்றும் குடிநோயாளிகளிடம் சொல்வது இதுதான். கை நிற்காததற்குக் காரணம் சாராயமா, சாராயம் குடிக்கிறோம் என்ற நினைப்பா? இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி கண்டவர் ஆலன் மார்லட். 1941இல் வான்கூவரில் பிறந்தவர். 1972 முதல் 2011இல் இறக்கும்வரை சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியர்.

1973இல் வெளியான அவருடைய சோதனையில் குடிநோயாளிகள் 32 பேர், அளவாகக் குடிப்பவர்கள் 32 பேர். பாதிப் பேரிடம் ஓட்கா என்றும், மீதிப் பேரிடம் வெறும் டானிக் வாட்டர் (சாராயமில்லாத கசப்பு சோடா) என்றும் சொன்னார்கள். சொன்னது எதுவானாலும், ஒவ்வொரு பாதியிலும் பாதிப் பேருக்குத்தான் ஓட்கா. ஆக நான்கு பிரிவு. ஒரு பங்கு ஓட்காவுக்கு ஐந்து பங்கு டானிக். ஓட்காவுக்கு வாசனை குறைவு, இருப்பதையும் டானிக்கின் கசப்பு அமுக்கிவிடும். இந்த அளவில் கலந்தால் எது எதென்று நாக்குக்குப் பிடிபடாது.

எவ்வளவு குடிக்கிறார்கள் என்று பார்ப்பதாகச் சொன்னால் யாரும் கையை அடக்கிக்கொள்வார்கள். அதனால் சுவைக்கு மதிப்பெண் போடும் வேலை என்று சொல்லி, வேண்டிய அளவு குடிக்க விட்டு, மிச்சத்தை அளந்தார்கள். ஓட்கா என்று நம்பியவர்கள் அதிகம் குடித்தார்கள், கிளாஸில் வெறும் டானிக் இருந்தபோதும். டானிக் என்று நம்பிய குடிநோயாளிகள் உண்மையில் ஓட்காவைக் குடித்தும் கட்டுமீறவில்லை.

இந்த ஏற்பாட்டுக்கு ஓர் ஓட்டை உண்டு. அளவு கூடினால் ரகசியம் உடைந்துவிடும். டானிக் என்று சொல்லி ஓட்கா கொடுத்தவருக்கு உடம்பே காட்டிக்கொடுக்கும். ஆகவே குறைந்த அளவுக்கு மட்டுமே இது செல்லும். 'குடிநோயாளி கொஞ்சம் குடிக்கலாம்' என்று இதற்கு அர்த்தம் பண்ணுவது அபத்தம்.

விட்ட பழக்கத்துக்கு மறுபடி திரும்பியவர்களை அடுத்து ஆராய்ந்தார். குடி, சூதாட்டம், சிகரெட், ஹெராயின் எல்லாம் சேர்த்து 311 சறுக்கல்கள். அவற்றில் 35 சதவீதம் சோர்வு, கோபம் போன்ற மனநிலையில் நடந்தவை. 20 சதவீதம் கூட இருப்பவர்களின் வற்புறுத்தல். 16 சதவீதம் சண்டை சச்சரவு. சறுக்கலைவிட, அதன்பின் வரும் 'எல்லாம் போச்சு, இனி என்ன' என்ற குற்ற உணர்ச்சிதான் ஆளைக் கவிழ்க்கிறது என்றார். 1985இல் ஜூடித் கோர்டனோடு கொண்டுவந்த நூல் இதைச் சிகிச்சையாக்கியது: ஆபத்தான சந்தர்ப்பங்களை முன்கூட்டியே பட்டியலிடுவது, மறுக்கும் வார்த்தைகளை வாய்விட்டுப் பழகுவது, சறுக்கினால் என்ன செய்வதென்று ஒரு அட்டையில் எழுதிப் பையில் வைப்பது. நிறுத்து, இடத்தைவிட்டு வெளியே போ, யாரை அழைப்பது. பல ஆலோசகர்கள் பட்டியலோடு நின்றுவிடுகிறார்கள். அட்டையை விட்டால் இந்த முறையில் பாதி போச்சு.

சியாட்டிலில் 75 பேர் தங்கும் 1811 ஈஸ்ட்லேக் என்ற கட்டடம் 2005இல் திறந்தது. தெருவில் கிடந்த கடும் குடிநோயாளிகளுக்கானது, அறையில் குடிக்கத் தடையில்லை. எதிர்ப்பு பலமாக இருந்தது. மேரி லாரிமரும் மார்லட் உள்ளிட்ட குழுவும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், முதல் ஆறு மாதத்தில் அங்கே குடியேறியவர்களுக்கான அரசுச் செலவு, இடத்துக்குக் காத்திருந்தவர்களுடையதைவிட 53 சதவீதம் குறைவு. நாளாக ஆக அவர்கள் குடித்த அளவும் குறைந்தது.