எந்த அடுக்கில் வைப்பது?

சாயங்காலம் முழுக்க நூலகத்தில் ஒரே ஒரு பியானோ இசைப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். இசையமைப்பாளர் ஷோப்பனின் ஓபஸ் 61 (ஓபஸ் என்பது படைப்பு எண்), 'போலோனேஸ்-ஃபான்டசி', 1846இல் வெளியானது. பழுப்பேறிய அட்டை, ஓரமெல்லாம் யாரோ பென்சிலால் குறித்த விரல் எண்கள்.

போலோனேஸ் ஒரு போலந்து நடனம், அப்படியென்றால் நடன இசை அடுக்கு. ஃபான்டசி என்றால் கட்டுக்குள் அடங்காமல் கற்பனைபோல ஓடும் இசை, அதற்கு வேறு அடுக்கு. ஆனால் முதல் பக்கத்தைப் பாருங்கள். கனமாக இரண்டு கார்டுகள் (பல சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் அழுத்துவது), அப்புறம் அடியிலிருந்து மேலேறி மறையும் சின்னச் சின்னச் சுரங்கள். இதற்குக் காலெடுத்து ஆட முடியாது.

அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறையில் பியானோ சொனாட்டாவுக்கு, அதாவது பல பகுதிகள் கொண்ட இசை வடிவத்துக்கு, எம் 23 என்று தனி எண் உண்டு. சரி, பீத்தோவனின் 'மூன்லைட்' அங்கே போய்விடும். ஆனால் 1802இல் அது அச்சானபோது தலைப்பு 'ஃபான்டசி போன்றதொரு சொனாட்டா'. அந்தப் பாதித் தலைப்பு எண்ணுக்குள் காணாமல் போகிறது. எனக்கு அது நிஜமாகவே வருத்தம்.

ஷோப்பன் 1845 கடைசியில் வீட்டுக்கு எழுதிய கடிதத்தில், கையிலிருக்கும் ஒன்றுக்கு என்ன பெயர் வைப்பதென்றே தெரியவில்லை என்கிறார். அது இந்த ஓபஸ் 61தான் என்பார்கள்.

பட்டியலில் இரண்டு வகையையும் பதிந்தேன். புத்தகம் ஒன்றுதானே, அதை ஃபான்டசி பக்கம் வைத்தேன்.