அப்பாவின் இடது மூளை

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது இடது அரைக்கோளத்தில். செயலிழந்தது வலது கையும் பேச்சும். மூளையிலிருந்து இறங்கும் இயக்க நரம்பிழைகளில் பெரும்பாலானவை மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தின் அடியில் பக்கம் மாறிவிடுகின்றன. பேச்சோ, பெரும்பாலானோருக்கு இடப்பக்கத்து வேலை. 1861-இல் பாரிஸில், 'டான்' என்ற ஒரே அசையைச் சொல்லிவந்த நோயாளி இறந்தபின், பால் புரோக்கா என்ற மருத்துவர் அந்த நோயாளியின் மூளையைப் பார்த்தார். இடது முன்மடல் சேதமாகியிருந்தது.

அப்பாவுக்கு மிஞ்சியது 'சரி சரி' மட்டும். காபி வேண்டுமா என்றாலும் அதுதான், வேண்டாமா என்றாலும் அதுதான். கண்ணைப் பார்த்தால் தெரியும், நாங்கள் பேசுவது அவருக்குப் புரிந்தது.

அப்புறம் ஒரு சாயங்காலம் அம்மா விளக்கேற்றிவிட்டுச் சாமி பாட்டுப் பாட, அடுத்த வரியை அப்பா பிசகாமல் பாடினார்! பாட்டுக்கு வலது அரைக்கோளமும் கைகொடுக்கும் என்றார் பேச்சுப் பயிற்சி தருபவர். அன்றிலிருந்து தண்ணீர் கேட்பதைக்கூட மெட்டுப் போட்டே பழக்குகிறோம். நேற்று மெட்டில்லாமலே "தண்ணி" என்றார்.