கட்டளையிட்டவர் வரை எட்டாத விசாரணை

மார்ச் 16

1968-இல் இதே நாளில், வியட்நாமின் மை லாய் கிராமத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் முதியோர், பெண்கள், குழந்தைகள் என்று பாராமல் சுட்டுத் தள்ளினார்கள். வியட்நாம் தரப்பின் கணக்கு 504 பேர். ஹெலிகாப்டர் விமானி ஹியூ தாம்சன், பதுங்குகுழியில் ஒடுங்கியிருந்த கிராமத்தாருக்கும் அவர்களை நெருங்கிய சொந்தப் படையினருக்கும் நடுவே தரையிறங்கி, அந்தப் படையினர் சுட்டால் திருப்பிச் சுடும்படி தன் ஆட்களிடம் சொன்னார். அவருடைய குழுவில் ஒருவர் பிணங்கள் நிறைந்த வாய்க்காலுக்குள் இறங்கி, உயிரோடு கிடந்த ஒரு குழந்தையைத் தூக்கி வந்தார். தாம்சன் அன்றே மேலதிகாரிகளிடம் முறையிட்டிருந்தும், 1969 நவம்பரில் செய்தியாளர்கள் எழுதும் வரை உலகுக்கு எதுவும் தெரியவில்லை. தகவல் மேலே போகாமல் இல்லை, போய்ச் சேர்ந்த இடத்திலேயே அமுக்கப்பட்டது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

மார்ச் 18

மை லாய் படுகொலைக்காகக் குற்றம் சாட்டப்பட்ட இருபத்தாறு பேரில் தண்டனை பெற்றவர், அங்கே ஒரு சிறு படைப்பிரிவை நடத்திய லெப்டினன்ட் கேலி ஒருவரே. 22 பேரையாவது கொன்றதாக 1971-இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அதிபர் நிக்சன் உடனே அவரைச் சிறையிலிருந்து வீட்டுக்காவலுக்கு மாற்றச் சொன்னார். 1974-இல் அவர் வெளியே வந்துவிட்டார். அவருடைய கேப்டன் விடுதலையானார். டிவிஷன் தளபதி மீதான குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன, பதவியில் ஒரு படி இறக்கப்பட்டதோடு சரி.

மார்ச் 22

சட்டத்தில் குறையில்லை. கீழே இருப்பவர்களின் குற்றத்தை அறிந்தும், அல்லது அறிந்திருக்க வேண்டிய நிலையில் இருந்தும், அதைத் தடுக்கவோ விசாரணைக்கு அனுப்பவோ தவறிய தளபதியும் குற்றவாளியே என்று சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய 1998-ஆம் ஆண்டின் ரோம் சாசனம் 28-ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்கிறது. தடுமாற்றமெல்லாம் சாட்சியத்தைத் திரட்டும் இடத்தில்தான். 2003-இல் ஈராக்கின் பஸ்ராவில், பிரிட்டிஷ் படையின் காவலில் பஹா மூசா என்ற ஹோட்டல் ஊழியர் இறந்தபோது அவர் உடலில் 93 காயங்கள் இருந்தன. கைதியின் தலையைப் பையால் மூடி விசாரிக்கும் முறை 1972-இலேயே தடை செய்யப்பட்டிருந்தும் அங்கே நடைமுறையில் இருந்தது. கடைசியில், குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்ட ஒரு சிப்பாய்க்கு மட்டும் ஓராண்டுச் சிறை கிடைத்தது. ஒரே முகாமில் உண்டு உறங்கியவர்கள் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். ஆகவே முதல் நாளிலிருந்தே விசாரணை படைக்கு வெளியே உள்ளவர்களின் கையில் இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.

மார்ச் 26

2000 டிசம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தின் மிருசுவிலில், இடம்பெயர்ந்திருந்தவர்கள் தங்கள் வீடுகளைப் பார்க்கத் திரும்பியபோது, ஐந்து வயதுக் குழந்தை உட்பட எட்டுப் பேர் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டார்கள். ஒருவர் தப்பி வந்து சொன்னதால்தான் உடல்கள் கிடைத்தன. இலங்கை ராணுவத்தினர் ஐந்து பேர் மீது வழக்கு நடந்து, 2015-இல் ஒரு சார்ஜன்டுக்கு மட்டும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2019-இல் இலங்கையின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2020-இல் இதே மார்ச் 26 அன்று ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அவருக்கு மன்னிப்பு அளித்து விடுவித்தார். மரண தண்டனையை நான் ஏற்பவன் அல்லன். அதை ஆயுளாகக் குறைத்திருந்தால் வரவேற்றிருப்பேன். ஆனால் பல ஆண்டுகள் நீதிமன்றப் படியேறிய குடும்பங்களை ஒரு வார்த்தை கேட்காமல் ஒரே கையெழுத்தில் தீர்ப்பை இல்லாமல் ஆக்கியது பெரும் அநீதி. படையினர் பொதுமக்களைக் கொன்ற வழக்குகளில், பாதிக்கப்பட்டோரைக் கேட்டு, காரணத்தை எழுத்தில் வெளியிட்ட பிறகே மன்னிப்பு செல்லும் என்று சட்டம் திருத்தப்பட வேண்டும்.