ரோட்டுப் பக்கத்து ஜன்னல்

மே 11, ஞாயிறு

இந்த வருஷம் படுக்கையறை ஜன்னலை மாற்றியே ஆவது என்று முடிவாகிவிட்டது. வீடு திருநெல்வேலி வண்ணார்பேட்டையில், பைபாஸ் ரோட்டிலிருந்து ஒரு வீடு உள்ளே தள்ளி. ஜங்ஷன், பாளை, புது பஸ் ஸ்டாண்ட் என்று எந்தப் பக்கம் போகிற பஸ்ஸானாலும் எங்கள் முக்கில் ஒரு ஹாரன் அடிக்காமல் திரும்பாது. வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் நைட் டூட்டி. காலையில் வந்து குளித்து ரெண்டு இட்லியைப் பிட்டுப் போட்டுக்கொண்டு எட்டரைக்குப் படுத்தால் மத்தியானம் ரெண்டு வரைக்கும் தூங்க வேண்டிய மனிதர், பதினோரு மணிக்கே எழுந்து உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொள்கிறார்.

இரவில் சத்தம் என்றாலாவது யாரிடமாவது முறையிடலாம். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரைக்கும் 45 டெசிபல், பகலில் 55. பகலில் தூங்குகிறவனுக்கென்று தனிக் கணக்கு எதுவும் கிடையாது. ஜன்னலைச் சாத்திவிட்டு கட்டில் தலைமாட்டில் போனை வைத்துப் பார்த்தால் சும்மாவே 60ஐ ஒட்டி நிற்கிறது, ஹாரன் அடித்தால் 70ஐத் தாண்டுகிறது. போன் ஆப் சொல்லும் எண்ணை அப்படியே நம்ப முடியாது, ஆனால் ஒரே போன், ஒரே இடம், ஒரே நேரம் என்று வைத்துக்கொண்டால் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். பத்து டெசிபல் குறைந்தால் காதுக்குச் சத்தம் ஏறக்குறையப் பாதியாகத் தோன்றும். எனக்கு அந்தப் பத்து கிடைத்தால் போதும்.

மே 13, செவ்வாய்

ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பையனை வெளியே நிறுத்தி ஜன்னல் ஓரமாக டார்ச் அடிக்கச் சொன்னேன். மாமா இந்த வீட்டைக் கட்டிய காலத்து மரக் கதவு, வெயிலிலும் மழையிலும் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. நிலைக்கும் கதவுக்கும் நடுவே, ரெண்டு கதவும் சேரும் இடத்தில், மேலே வெண்டிலேட்டர் கண்ணாடியின் பீடிங் ஓரத்தில் எல்லாம் வெளிச்சம் கோடு கோடாக உள்ளே வருகிறது. வெளிச்சம் வருகிற வழியில் சத்தமும் வரும்.

இன்று காலையில் அந்தச் சந்துகளில் எல்லாம் பழைய துணியைத் திணித்து, மேலே பார்சல் ஒட்டுகிற பிரவுன் டேப்பை ஒட்டிவிட்டுப் போனைப் பார்த்தேன். அதே கண்ணாடி, அதே மரம். ஐந்தாறு டெசிபல் இறங்கிவிட்டது! டேப்புக்கு ஆன செலவு நாற்பது ரூபாய். "பொறவு என்னத்துக்கு ஜன்னல மாத்தணும், இப்படியே ஒட்டி வச்சிருவோம்" என்று அத்தை. அப்படியே ஒட்டிவைத்தால் ஜன்னலை என்றைக்குத் திறப்பது?

மே 18, ஞாயிறு

ஒரு பெரிய ஷோரூமுக்குப் போனோம். பெயர் வேண்டாம். உள்ளே நுழைந்ததும் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டினார்கள், அதற்குள் ஒரு பஸர் கத்துகிறது, கண்ணாடிக் கதவைச் சாத்தினால் கப்பென்று நின்றுபோகிறது. "பாத்தீங்களா மேடம், ஃபுல் சவுண்ட்ப்ரூஃப்." இவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. தூக்கம் கெட்ட மனிதரிடம் எதையும் விற்றுவிடலாம் போல.

பஸர் சத்தம் கீச்சென்று மேல் ஸ்தாயியில் இருப்பது. அதைத் தடுப்பது எந்தக் கண்ணாடிக்கும் சுலபம். எங்கள் முக்கில் ஃபர்ஸ்ட் கியரில் உறுமிக்கொண்டு ஏறும் பஸ்ஸை அந்தப் பெட்டிக்குள் வைத்துக் காட்டட்டும். டெசிபல் எவ்வளவு குறையும் என்று கேட்டேன், "நாப்பது" என்றார் விற்பனைப் பையன். கண்ணாடிக்கு மட்டுமா, சட்டம் கதவோடு முழு ஜன்னலுக்கா, டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கிறதா என்றதும் மேனேஜரைக் கூப்பிடப் போனவர் வரவே இல்லை. எல்லா மாடலும் ஸ்லைடிங் வேறு. ஸ்லைடிங் கதவு நகர வேண்டுமென்றால் தண்டவாளத்தில் கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் ஆக வேண்டும், அந்த இடைவெளியில் பிரஷ் மாதிரி மயிர்ப் பட்டை ஒன்றைக் கொடுக்கிறார்கள், தூசியைத் தடுக்கும். காற்று புகும் இடத்தில் சத்தம் புகாதா?

மே 21, புதன்

ரெண்டு ராத்திரியாக இதையே படித்துக்கொண்டிருக்கிறேன். புரிந்ததை எழுதி வைக்கிறேன், கடைக்காரர்கள் யாரும் சொல்லாத கணக்கு இது.

ரெண்டு பக்கமும் பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் 50 டெசிபல் அளவுக்குத் தடுத்துவிடும். எங்கள் வீட்டில் இருப்பது போன்ற 4 மில்லிமீட்டர் கண்ணாடி 30ஐத் தொடாது. சரி, கண்ணாடியை மட்டும் தடிமனாக்கிவிடலாமே என்றால், சந்து இருக்கிறதே. ஜன்னல் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் மீதியில் எவ்வளவு உசத்தியான கண்ணாடி போட்டாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. எங்கள் ஜன்னல் நாலுக்கு நாலு அடி, ரெண்டு கதவு. கதவு ஓரங்களைக் கூட்டினால் இருபது அடி நீளம். அதில் சுற்றிலும் ரெண்டரை மில்லிமீட்டர் சந்து இருந்தாலே அந்த நூற்றில் ஒரு பங்கு வந்துவிடும். டேப் ஒட்டியதும் சத்தம் இறங்கியது இதனால்தான். ஆக முதலில் கேட்க வேண்டியது எந்தக் கண்ணாடி என்பதல்ல, கதவு எப்படிச் சாத்துகிறது என்பது. சுற்றிலும் ரப்பர் கேஸ்கெட், ஒரு கைப்பிடியைத் திருப்பினால் நாலைந்து இடத்தில் பூட்டி அந்த ரப்பரை அமுக்குகிற ஓப்பனபிள் கதவு. ஸ்லைடிங் அவுட்.

அப்புறம் கண்ணாடி. எல்லாரும் டபுள் கிளேஸ் என்கிறார்கள், 6 மில்லிமீட்டர் கண்ணாடி, 12 மில்லிமீட்டர் காற்று, மறுபடி 6. சூட்டைத் தடுக்க அது அருமையான சரக்கு. சத்தத்தில்தான் ஒரு வில்லங்கம். ரெண்டு கண்ணாடியும் நடுவில் மாட்டிய காற்றும் சேர்ந்து ஸ்பிரிங் போல ஆடும், இந்த அளவில் அது 200 ஹெர்ட்ஸ் பக்கத்தில், கீழ் ஸ்தாயியில் வருகிறது, அந்த இடத்தில் தடுப்பு பலவீனமாகிவிடும். பஸ், லாரி உறுமல் அதை ஒட்டியும் அதற்குக் கீழேயும்தான் இருக்கிறது. ரெண்டும் ஒரே தடிமன் என்றால் இன்னொரு ஸ்தாயியிலும் சேர்ந்தே கோட்டை விடும். காற்று இடைவெளியை நாலு அங்குலம் ஆக்கினால் கதை வேறு. ஆனால் அதற்கு உள்பக்கம் தனியாக இன்னொரு ஜன்னல் வைக்க வேண்டும், தினமும் ரெண்டு ஜன்னல் திறந்து மூட வேண்டும், நான் மாட்டேன்.

மீதி இருப்பது லேமினேட்டட். ரெண்டு கண்ணாடிக்கு நடுவே பிவிபி என்கிற பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டியது, கார் முன்கண்ணாடி அந்த வகைதான். 5 மில்லிமீட்டர் கண்ணாடி தனியாக இருந்தால் 2400 ஹெர்ட்ஸ் வாக்கில் தானே அதிர்ந்து சத்தத்தை உள்ளே விடும், ஹாரனின் கூர்மையான பகுதி அந்தப் பக்கம்தான். படலம் அந்த அதிர்வை அமுக்கிவிடும். 5, நடுவில் 0.76, மறுபடி 5. இதுதான் என்று வைத்திருக்கிறேன். டஃப்ண்ட் கண்ணாடி போட்டால் சத்தம் குறையும் என்று ஒருவர் சொன்னார், அது உடையாமல் இருக்கத்தான், சத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மே 25, ஞாயிறு

கேரளத்தில் நேற்றே பருவமழை தொடங்கிவிட்டதாம். அக்னி நட்சத்திரம் முடியவே இல்லை, இங்கே அதற்குள் மேல்காற்று தூக்க ஆரம்பித்துவிட்டது. அத்தை ஹால் ஜன்னலை விரியத் திறந்து வைத்துக்கொண்டு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஆனி ஆடிக் காத்த வெளிய நிறுத்திட்டு உள்ள ஏசியப் போடுதது என்ன புத்தின்னு எனக்கு வெளங்கல."

சொல்வதில் நியாயம் இருக்கிறது. இந்த ஊரில் காற்று வருகிற மூன்று மாதத்துக்காகத்தான் மீதி மாதங்களைப் பொறுத்துக்கொள்கிறோம். ஜன்னல் எவ்வளவு நன்றாகச் சாத்துகிறதோ அவ்வளவு காற்றும் நின்றுபோகும், ஏசியும் புதுக்காற்றைக் கொண்டுவராது, உள்ளே இருப்பதையே சுற்றிச் சுற்றிக் குளிரவைக்கும். அறையை மாற்றிக்கொள்வோமா என்று அத்தையே கேட்டார்கள், "எனக்குக் காது பாதிதான் கேக்கு, நான் ரோட்டுப் பக்கம் படுத்துக்கிடுதேன், அவன் பின்னால படுக்கட்டும்." நல்ல யோசனைதான், பைசா செலவில்லை. ஆனால் பின்னறை மேற்குச் சுவர், பன்னிரண்டு மணிக்கு மேல் அதில் கை வைக்க முடியாது, அவர் தூங்க வேண்டியது அந்த நேரத்தில். நைட் தூங்குகிற வீடாக இருந்தால் இந்த நாட்குறிப்பே இதோடு முடிந்திருக்கும்.

படுக்கையறை ஜன்னல் ஒன்றை மட்டும் மாற்றுவது, ஹாலைத் தொடுவதில்லை என்று பேசி முடித்தோம். அறைக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தால் பின்பக்கத்திலிருந்து காற்று வந்துவிடும்.

மே 29, வியாழன்

பெருமாள்புரம் பக்கம் யுபிவிசி என்கிற கெட்டிப் பிளாஸ்டிக்கில் ஜன்னல் செய்கிற ஒரு அண்ணாச்சி. சின்னப் பட்டறை, வாசலிலேயே அறுத்த சட்டங்கள் கிடக்கின்றன. நான் கேட்பதற்கு முன்னாலேயே அவர் சொன்னது: "ஹாரன் நல்லா கொறையும்மா. பஸ் உறுமுதது முழுசா போவாது. அத யாரு போவும்னு சொன்னாலும் நம்பாதீய." அட்வான்ஸ் கொடுக்க எனக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

பேசியதில் பெரிய சிக்கல் கம்பி. பழைய ஜன்னலில் கம்பி நிலையிலேயே இறங்கியிருக்கிறது, கதவு வெளியே திறக்கும். புதிதில் கம்பியை வெளிப்பக்கம் சுவரோடு தனியாக அடித்துவிட்டு, கண்ணாடிக் கதவை உள்பக்கம் திறக்கிற மாதிரி வைப்பது, கொசுவலையை வெளியே சட்டத்தில் வெல்க்ரோவில் ஒட்டுவது. ஸ்க்ரீன் துணி தொங்குகிற கம்பியை அரை அடி தள்ளி மாட்ட வேண்டும், கட்டிலையும் நகர்த்த வேண்டும். கண்ணாடி எடை வேறு. சதுர மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் ரெண்டரை கிலோ, எங்கள் கதவு ஒவ்வொன்றும் பதினெட்டு கிலோவைத் தாண்டும், அதைத் தாங்குகிற கீல் வேண்டும், சட்டத்துக்குள் இரும்பு வைக்க வேண்டும். இரும்பு எவ்வளவு தடிமன் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டேன். சாதா 5 மில்லிமீட்டர் கண்ணாடியோடு ஒப்பிட்டால் விலை ஒன்றரை மடங்கை ஒட்டி வந்தது. ஒரு ஜன்னல்தானே.

ஜூன் 3, செவ்வாய்

பக்கத்துத் தெரு கோயிலில் கொடை. வில்லுப்பாட்டும் நையாண்டி மேளமும் விடிய விடிய. இதற்கெல்லாம் எந்த ஜன்னலும் நிற்காது, நிற்க வேண்டிய அவசியமும் இல்லை. இவரே லீவு போட்டுவிட்டு அங்கேதான் இருந்தார்.

ஜூன் 15, ஞாயிறு

மாட்டியாகிவிட்டது. பழைய நிலையைப் பெயர்த்தபோது கீழ்ச்சட்டத்தில் கரையான். கொத்தனார் வந்து ஓரங்களை இழுத்துக் கட்டிவிட்டுப் போனார்.

சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு அங்குலம் வரை இடைவெளி விழுந்தது, மாட்ட வந்த பையன் நுரையை அடித்துவிட்டு சிலிக்கான் பூசப் போனான். நுரை கனமே இல்லாத சரக்கு, சத்தம் அதன் வழியாகப் போய்விடும், அங்கே சிமென்ட் கலவையை இறுக்கிவிட்டு ஓரத்துக்கு மட்டும் சிலிக்கான் போடச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே செய்தான். வெண்டிலேட்டர் தனியாக வேண்டாம் என்று அதே சட்டத்தில் மேல்பாகமாக, திறக்காத லேமினேட்டட் கண்ணாடியாகச் சேர்த்துவிட்டோம். ஏசி பைப் போகிற ஓட்டையைச் சுற்றிப் பிளாஸ்டிக் மூடி மட்டும்தான் இருந்தது, கழற்றினால் வெளியே வேப்பமரம் தெரிகிறது! அதையும் பூசச் சொன்னேன்.

ஜூன் 19, வியாழன்

அதே தலைமாடு, அதே காலை நேரம். 60ஐ ஒட்டி இருந்தது இப்போது 47, 48. ஹாரன் எங்கோ நாலு தெரு தள்ளி அடிப்பது போல இருக்கிறது. உறுமல் இருக்கிறது, அண்ணாச்சி சொன்னபடி. மெத்தையில் படுத்தால் மெதுவாகத் தெரியும், ஃபேன் ஓடினால் தெரியாது.

ரோடு அடங்கியதும் வீட்டுக்குள் இருக்கிற சத்தமெல்லாம் எழுந்து வந்துவிட்டது. ஃபேன் கொடகொடவென்கிறது, ஃபிரிட்ஜ் நின்று நின்று ஓடுகிறது, ஹாலில் அத்தை போடும் சீரியலில் யார் யாரை என்ன திட்டினார்கள் என்பது வரைக்கும் கேட்கிறது. காற்றுக்காகத் திறந்து வைக்கிற கதவு வழியாக! எட்டரையிலிருந்து ரெண்டு வரைக்கும் டிவியைச் சின்னதாக வைக்கச் சொல்ல வேண்டும், அதை நான் சொல்லப் போவதில்லை, மகன் சொல்லட்டும்.

ஜூன் 28, சனி

இடது கதவில் மேல்மூலையில் லேசாக ஒரு விசில். காற்று பலமாக அடித்தால் மட்டும். சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே ஒரு தாளை வைத்துச் சாத்தி இழுத்துப் பார்த்தேன், மற்ற இடங்களில் தாள் கிழிகிறது, அந்த மூலையில் வழுக்கிக்கொண்டு வருகிறது. ரப்பர் அமுங்கவில்லை. மீதிப் பணம் பாக்கி இருந்ததால் அண்ணாச்சி கூப்பிட்ட அன்றைக்கே வந்தார், அல்லன் கீயால் கீலை ரெண்டு திருகு திருகினார், தாள் கிழிந்தது. அவர் கண் முன்னால் எல்லா மூலையிலும் இழுத்துப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்தேன்.

போகும்போது ஹால் ஜன்னலுக்கும் டேப்பைப் பிடித்து அளவெடுக்க ஆரம்பித்தார். "அதுல கைய வைக்காதீய அண்ணாச்சி" என்றார்கள் அத்தை, நாற்காலியை விட்டு எழாமலே.

இவர் நேற்று ரெண்டே கால் வரை தூங்கினார். அடுத்த வாரத்திலிருந்து அவருக்கு டே டூட்டி போடுகிறார்களாம்.