தலை கழுவிய குளம்

காகா ஓன்சென் ஸ்டேஷனில் இறங்கி, டாக்ஸிக்காரரிடம் போனில் எழுதி வைத்திருந்த பெயரைக் காட்டினேன். குபியராயி இகே. தலை கழுவிய குளம் என்று அர்த்தம். அவர் பெயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறம் ஒன்றும் கேட்காமல் வண்டியை எடுத்தார்.

ஜப்பானுக்குக் கோயில் பார்க்கப் போகிறவர்கள் கியோத்தோ, நாரா என்று போவார்கள். நான் ஒரு வில்லாளியின் தடத்தைத் தேடிப் போனேன். தோமோயே கோசென். தாய்ரா குலமும் மினாமோத்தோ குலமும் 1180 முதல் 1185 வரை மோதிக்கொண்ட கென்பெய் போரில், மினாமோத்தோ குலத்து யோஷினாகாவின் படையில் குதிரையேறிச் சண்டையிட்ட பெண். அந்தப் போரைப் பாடும் ஹெய்கே கதை அவளுக்கு ஒதுக்கியிருப்பது கொஞ்ச இடம்தான். வலிய வில்லை வளைப்பவள், பேய் வந்தாலும் தெய்வம் வந்தாலும் எதிர்நிற்பவள், ஒருத்தியே ஆயிரம் பேருக்குச் சமம். கண் தெரியாத பாடகர்கள் பிவா என்ற நரம்பு வாத்தியத்தை மீட்டி ஊர் ஊராகப் பாடி வளர்த்த கதை அது. வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த எனக்கு, செத்த வீரர்களைப் பாட்டால் எழுப்பி உட்கார வைக்கும் அந்த வழக்கம் அந்நியமாகத் தோன்றவில்லை.

சரி, தோமோயேயைத் தேடிப் போனவள் முதலில் ஏன் இந்தக் குளத்துக்குப் போனேன்? அவள் பக்கம் ஜெயித்த போரின் காயம் இங்கேதான் இருக்கிறது.

யோஷினாகா இரண்டு வயதுக் குழந்தையாக இருந்தபோது, 1155இல், சொந்த உறவினரே அவன் அப்பாவைக் கொன்றுவிட்டார்கள். குழந்தையையும் தீர்த்துவிடச் சொல்லி உத்தரவு. அந்தக் குழந்தையை ரகசியமாகக் கிசோ மலைக்கு அனுப்பி உயிரோடு காப்பாற்றியவர் சாய்தோ சானெமோரி. மலையில் யோஷினாகாவை வளர்த்த வீடு தோமோயேயின் வீடு. அவளும் அவள் அண்ணன்மாரும் அவனோடு சேர்ந்து வளர்ந்தவர்கள் என்பது மரபு. சானெமோரி அன்று கை கொடுக்காமல் இருந்திருந்தால் யோஷினாகாவும் இல்லை, அவனுடைய படையும் இல்லை. தோமோயேயின் வில்லுக்கும் வேலை இருந்திருக்காது.

காலம் அவரைத் தாய்ரா பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1180இல் ஃபுஜி ஆற்றங்கரையில் தாய்ராத் தளபதி அவரிடம் கேட்டான்: "உங்களைப் போல வில் வளைப்பவர்கள் கிழக்கே எத்தனை பேர்?" கிழவர் சிரித்துவிட்டார். "நான் விடுவது 13 பிடி நீள அம்பு. அங்கே நல்ல வில்லாளி என்று பெயர் வாங்கியவன் 15 பிடிக்குக் குறைந்து தொடமாட்டான். ஐந்தாறு பேர் சேர்ந்து நாண் ஏற்றும் வில்." இதைக் கேட்டு மிரண்டிருந்த படை, இரவில் நீர்ப்பறவைகள் கூட்டமாகச் சிறகடித்த சத்தத்தைப் பகைவர் என்று எண்ணி ஓடிவிட்டது. அந்த ஓட்டத்தில் தானும் இருந்தது அவருக்குக் கடைசிவரை ஆறவில்லை.

மூன்று வருடம் கழித்து, 1183இல், அவர் சொன்ன மாதிரியான வில்லாளிகளே அவர் மீது வந்தார்கள். குரிகாரா கணவாயில் தோமோயேயும் ஒரு பிரிவை நடத்தினாள் என்று ஒரு கதைவடிவம் உண்டு. அங்கே உடைந்த தாய்ராப் படை ஷினோஹாராவில் மறுபடி உடைந்தது. எல்லோரும் ஓட, ஒருவர் மட்டும் நின்றார். பெயரைக் கேட்டும் சொல்லவில்லை. வெட்டிய தலையைக் கொண்டுவந்தார்கள். முகம் கிழவர் முகம், தலைமுடியோ கறுப்பு. தோமோயேயின் அண்ணன் ஹிகுச்சி கனேமித்சுவை அழைத்துக் காட்டியபோது பார்த்ததுமே அழுதுவிட்டான். "அறுபது தாண்டிப் போருக்குப் போனால் முடிக்குச் சாயம் பூசிக்கொள்வேன், கிழவன் என்று யாரும் இளக்காரமாகப் பார்க்கக் கூடாது என்று அவர் சொல்லியிருக்கிறார்" என்றான். கழுவிப் பார்த்தார்கள். சாயம் போய் வெள்ளை முடி தெரிந்தது.

கழுவிய இடமாகச் சொல்லப்படுவது இந்தக் குளம். சின்னக் குளம். சுற்றிலும் மரங்கள். கரையில் வெண்கலச் சிலைகள், தலையைக் கையில் ஏந்தி அழுகிற யோஷினாகா. நான் குனிந்து தண்ணீரைத் தொட்டேன். காலை நிழலில் அது கறுப்பாகத்தான் இருந்தது. கையில் அள்ளியதும் நிறம் போய்விட்டது. அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை, உட்கார்ந்துவிட்டேன்.

என் கதையைச் சொல்லாமல் இதைச் சொல்வது நேர்மையாக இருக்காது. என்னைப் படிக்க வைத்தவர் என் ஆசிரியர். கல்லூரிக்கு முதல் வருடக் கட்டணம் அவர் கட்டியது. பின்னாளில் அவர் நடத்திய பள்ளியிலேயே வேலை பார்த்தேன். துப்புரவு வேலை செய்த அம்மாக்களுக்குச் சம்பளம் மாதக்கணக்கில் நின்றபோது, நான் அவர்கள் பக்கம் நின்று, அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னேன். சொன்னது உண்மை. இன்றும் அதைத்தான் சொல்வேன். அவர் என்னிடம் அதன் பிறகு பேசவில்லை. அவர் போன செய்தி எனக்கு நாலு நாள் கழித்து வந்தது.

அன்று மதியமே கோமாத்சு போனேன். ததா ஜிஞ்ஜா என்ற கோயில் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. வாசல் தொட்டியில் கை கழுவி, வாய் கொப்பளித்து, இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கை தட்டி, மறுபடி ஒரு முறை குனிந்தேன். சானெமோரியின் தலைக்கவசத்தை யோஷினாகா காணிக்கையாகக் கொடுத்த இடம் இது. அசல் கவசம் எல்லா நாளும் தரிசனத்துக்குக் கிடைப்பதில்லை. அதன் முன்பகுதியில் ஹச்சிமான் பெரும் போதிசத்துவரின் பெயர் பொறித்திருக்கிறது. ஹச்சிமான் வில்லாளிகளின் தெய்வம், மினாமோத்தோ குலத்தின் காவல் தெய்வம். தாய்ராவுக்காகச் சண்டை போட்டவர் தலையில் எதிரியின் குலதெய்வம்! முன்பு அந்தக் குலத்துக்குச் சேவகம் செய்தவர் அல்லவா, தெய்வத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அவரைக் கொன்றவர்களும் கவசத்தை அதே தெய்வத்திடம்தான் கொண்டுவந்து ஒப்படைத்தார்கள். சந்நிதி முன்னால் எனக்கு அழுகை வந்தது இதை நினைத்துத்தான். கவிஞர் பாஷோ 1689இல் இங்கே வந்து, கவசத்தின் அடியில் ஒரு பூச்சி கத்துவதைப் பாடினார். அந்தக் கவிதையைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

பூச்சி என்றதும் இன்னொன்று. நெல் தாள் தடுக்கிக் குதிரை விழுந்ததால்தான் சானெமோரி செத்தார், அந்தக் கோபத்தில் பூச்சியாகி நெல்லை அழிக்கிறார் என்று மேற்கு ஜப்பான் விவசாயிகள் நம்பினார்கள். அவரைப் போல வைக்கோல் பொம்மை செய்து, தீப்பந்தமும் மேளமுமாக ஊர் எல்லை வரை கொண்டுபோய் வழியனுப்புவார்கள். விரட்டுவதைக்கூட மரியாதையோடு செய்கிறார்கள். ஷினோஹாரா முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, 1184 தொடக்கத்தில் அவாசுவில் யோஷினாகாவின் குதிரையும் வயலில்தான் புதைந்தது. மேலே மெல்லிய பனிக்கட்டி, கீழே ஆழமான சேறு. திரும்பிப் பார்த்த முகத்தில் அம்பு பாய்ந்தது. அம்பு எய்த படையை அனுப்பியது அவன் சொந்தக் குலம்.

அவாசு, பிவா ஏரிக்கரையில். மறுநாள் ரயில் மாறி மாறி ஓத்சுவுக்கு வந்து, ஸெஸெ ஸ்டேஷனில் இறங்கி, பழைய தோக்காய்தோ சாலையோரம் இருக்கும் கிச்சூஜியைக் கண்டுபிடித்தேன். வீடுகளுக்கு நடுவே ஒரு வீடு போல இருக்கும் கோயில். உள்ளே போனதும் முதலில் கண்ணில் பட்டது வாழை! பாஷோ என்றால் வாழை. அந்தக் கவிஞர் கேட்டுக்கொண்டபடி, 1694இல் அவரை இங்கே யோஷினாகாவின் சமாதிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். காற்றில் இலை நார் நாராகக் கிழிந்திருந்தது. நானும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் அருகில் தோமோயேயின் கல். செதுக்காத, சின்ன, சாதாரணக் கல். கடைசியில் யோஷினாகாவோடு எஞ்சிய ஐந்து குதிரைகளில் அவளும் ஒருத்தி. "நீ பெண், போய்விடு" என்றான் அவன். அவள் போக மனமில்லாமல் நின்று, எதிரே வந்த ஒரு வீரனைச் சேணத்தோடு அழுத்தித் தலையைத் திருகி எறிந்துவிட்டு, கவசத்தைக் கழற்றிப் போட்டுக் கிழக்கே போனாள். அதன் பிறகு ஒரு பெண் இந்தச் சமாதியருகே குடிசை போட்டுக் காத்து வந்தாள். யார் என்று கேட்டவர்களிடம் "பெயரில்லாதவள்" என்றாள். அவள் தோமோயேதான் என்று இந்தக் கோயில் நம்புகிறது. நானும் நம்புகிறேன்.

விராட பருவத்தில் அர்ச்சுனன் துரோணர்மீது அம்பு தொடுக்குமுன், இரண்டு அம்புகளை அவர் காலடியில் விழச் செய்தான். இன்னும் இரண்டு அவர் காதைத் தொட்டுப் போயின. முதல் இரண்டு வணக்கம், அடுத்த இரண்டும் காதோடு உத்தரவு கேட்டது. நான் என் ஆசிரியருக்கு எதிராக எழுந்து நின்ற அன்று அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

கையில் இருந்த ஊதுபத்திகளில் இரண்டை எடுத்து அந்தக் கல்லின் அடியில் வைத்தேன். காதோடு சொல்வது போலக் குனிந்து, அவர் பெயரைச் சொல்லி, "ஐயா, உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லப் போகிறேன், உத்தரவு கொடுங்கள்" என்றேன். பத்தொன்பது வருடம் தாமதமாக. பத்தி எரிந்து முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வெளியே வரும்போது வாசலில் தோமோயே ஜிசோ என்ற போதிசத்துவரின் சின்னச் சந்நிதி. யாரோ காலையில் புதுப் பூ வைத்திருந்தார்கள், இதழ்களில் தண்ணீர் இன்னும் காயவில்லை.