பாதியில் நிறுத்தினால் எல்லாம் நேர்கோடுதான்

வேலூரில் ஒரு கல்லூரியில் வேதியியல் செய்முறை வகுப்பு எடுக்கிறேன். காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர் பக்கமிருந்து வரும் பிள்ளைகள். அவர்களிடம் நான் விடாமல் மல்லுக்கு நிற்கும் சோதனை, மெத்தில் அசிடேட் என்னும் எஸ்டரை அமிலத்தில் நீராற்பகுப்பது, அதாவது தண்ணீரால் அசிட்டிக் அமிலமாகவும் மெத்தனாலாகவும் பிரிப்பது.

செய்முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவ்வப்போது 5 மி.லி. எடுத்து ஐஸ் தண்ணீரில் விட்டு, டைட்ரேட் செய்ய வேண்டும், அதாவது அதிலுள்ள அமிலத்தைச் சமன்செய்ய எத்தனை மி.லி. சோடியம் ஹைட்ராக்சைடு தேவை என்று அளக்க வேண்டும். வினை முற்றிலும் முடிந்த பிறகு வரும் அளவிலிருந்து அந்தந்த நேரத்து அளவைக் கழித்தால், மிச்சமிருக்கும் எஸ்டர் எவ்வளவு என்று தெரியும். அதை நேரத்துக்கு எதிராக செமிலாக் தாளில் (ஓர் அச்சு மட்டும் மடக்கை அளவில் இருக்கும் தாள்) குறித்து நேர்கோடு வந்தால் முதல் வகை வினை, அதாவது மிச்சமிருக்கும் எஸ்டரின் அளவுக்கு நேர்விகிதத்தில் வேகம் இருக்கும் வினை.

"மேடம், அஞ்சு புள்ளியும் கோட்டுல உக்காந்துடுச்சு, போதாதா?" என்பார்கள். போதாது. அரை நார்மல் (நார்மல் என்பது செறிவின் அலகு) அமிலத்தில், 30 டிகிரியில், பாதி எஸ்டர் தீரவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வகுப்பு நேரத்துக்குள் எடுப்பதெல்லாம் அந்த முதல் பாதிதான். அந்தப் பாதியில் இரண்டாம் வகை வினையும் (மிச்ச அளவின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் வேகம் இருப்பது) கிட்டத்தட்ட நேர்கோடாகத்தான் தெரியும். கணினியில் பொருத்திப் பார்த்தால் அதற்கும் ஆர் ஸ்கொயர் (கோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதன் அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.99 வரும். டைட்ரேஷன் பிழையும் சேர்ந்தால் எது எதுவென்று யாராலும் சொல்ல முடியாது.

வித்தியாசம் அதற்குப் பிறகுதான் வெளிப்படும். அந்தக் கழித்த அளவு 16 மி.லி.யில் தொடங்குகிறது என்று வையுங்கள். முதல் வகையானால் ஒவ்வொரு அரை வாழ்காலத்திலும் (பாதி தீர ஆகும் நேரம்) 8, 4, 2 என்று இறங்கும். இரண்டாம் வகையானால் அதே நேரங்களில் 8, 5.3, 4. மூன்றாவது அரை வாழ்காலத்தில் இரண்டு மடங்கு வித்தியாசம்! செமிலாக் தாளில் இதைக் கணக்கே போடாமல் பார்க்கலாம்: 16இலிருந்து 8க்கு வர எடுத்த நேரமும் 4இலிருந்து 2க்கு வர எடுத்த நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். எனக்கு இந்தத் தாள் பிடிப்பதே இதனால்தான்.

அதனால் நான் ஒரு நார்மல் அமிலம் எடுத்து, குடுவையை இறுக மூடி 40 டிகிரி வாட்டர் பாத்தில் வைக்கச் சொல்கிறேன். அரை வாழ்காலம் ஏறக்குறைய அரை மணி நேரமாகிவிடும், ஒன்றரை மணி நேரத்தில் மூன்றையும் பார்த்துவிடலாம். வாட்டர் பாத் நம்ம ஊருக்குக் கட்டாயம் வேண்டும். ஏப்ரல் மாதம் காலை பத்து மணிக்கும் மதியம் ஒரு மணிக்கும் ஆய்வகம் ஒரே சூட்டிலா இருக்கிறது? சூடு ஏற ஏற வினை வேகமாகும், உண்மையான முதல் வகை வினையின் கோடுகூடக் கீழ்நோக்கி வளையும்.

அப்புறம் வினை முடிந்த பிறகு வரும் அந்தக் கடைசி அளவு. சீக்கிரம் முடியட்டும் என்று குடுவையைச் சரியாக மூடாமல் சூடாக்கினால் எஸ்டர் ஆவியாகிப் போய்விடும், அதன் கொதிநிலையே 57 டிகிரிதான். இறுதி அளவு குறைவாக வரும், கோட்டின் வால் கீழே வளையும். இறுதி அளவு கூடிப்போனால் வால் மேலே தட்டையாகும். தொடக்கப் புள்ளிகளில் இந்தப் பிழை தெரியவே தெரியாது. ஆகவே ஒரு பகுதியை நன்றாக மூடி இரவு முழுக்க வைத்துவிட்டு, மறுநாள் காலையில்தான் டைட்ரேட் செய்ய விடுகிறேன். கிராஃப் அதற்குப் பிறகு.